சின்ச்சேரோவில் வாங்கிய துணி: கைத்தறியா, வெறும் கண்காட்சியா?

மலைநாடோடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் வேலை விஷயமாகப் பெரு நாட்டின் லிமாவில் மூன்று மாதம் இருந்தேன். நடுவில் நாலு நாள் விடுப்பு கிடைத்தது. குஸ்கோ போய், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்ச்சேரோ என்ற சின்ன ஊருக்குப் போனேன். உயரம் சுமார் 3,760 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637 தான். வேனை விட்டு இறங்கி இருபது படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்.

அங்கே நெசவுக் கூடங்கள் நிறைய. ஒன்றில் உட்கார வைத்தார்கள். சிவப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, தட்டு மாதிரி ஒரு தொப்பி போட்ட பெண் ஒரு வெள்ளைக் கிழங்கைத் துருவித் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். சீயக்காய் மாதிரி நுரை. அழுக்கு ஆட்டுமயிரை அதில் முக்கி எடுத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. அப்புறம் உள்ளங்கையில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்றை வைத்து நசுக்கினார், ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு, கொஞ்சம் சோடா மாவு போட்டால் ஊதா. மிச்சத்தை உதட்டில் பூசிக்கொண்டு "எங்கள் லிப்ஸ்டிக்" என்றார். கடைசியில் நெசவுக்கு வைத்திருந்த எலும்பைக் காட்டி, "இது விலையைக் குறைத்துக் கேட்ட சுற்றுலாப் பயணியின் எலும்பு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் வேறொரு கூடம், வேறொரு பெண். அதே கிழங்கு, அதே பூச்சி, அதே எலும்பு, அதே ஜோக். அப்போது சிரிப்பு வரவில்லை.

இருந்தாலும் தோளில் போர்த்திக்கொள்ளும் துணி ஒன்று (லிக்லா என்கிறார்கள்) வாங்கி வந்தேன், படம் போட்டிருக்கிறேன். வீட்டில் மச்சினன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மிஷின்ல நெய்தது மாமா, உங்களை ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து மனசு ஒப்பவில்லை. என் கேள்வி துணியைப் பற்றி மட்டும் இல்லை. அந்த ஊரின் பூர்வகுடி அடையாளம் என்று எங்களுக்குக் காட்டியதில் எவ்வளவு நிஜம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

2018ல் எனக்கும் அந்த எலும்பைக் காட்டினார்கள். ஜோக்குக்கே பாரம்பரியப் பட்டம் கொடுத்துவிடலாம்.

பழையஏடு

மலைநாடோடி, நல்ல கேள்வி. ஆனால் "பூர்வகுடி" என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டீர்கள். அந்த ஊரில் அது நாலைந்து அடுக்கு.

வழிகாட்டிகள் எல்லாரும் ஸ்பானியருக்கு முன் குஸ்கோவிலிருந்து ஆண்ட இன்காக்களிலிருந்து தொடங்குவார்கள். இன்காக்களுக்கு முன்னால் அந்த மேட்டு நிலத்தில் அயார்மாகா என்ற மக்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவனுக்குத் தோகாய் காபாக் என்று பட்டம். குஸ்கோ இன்காக்களுக்கு நீண்ட காலம் சரிசமமான எதிரிகள். ஒரு கதை சொல்கிறேன். தோகாய் காபாக்குக்கு என்று பேசி வைத்திருந்த பெண்ணைக் குஸ்கோ அரசர் இன்கா ரோகா மணந்துவிட்டார். அந்தக் கோபத்தில் அவர்களின் மகனை அயார்மாகாக்கள் கடத்திக்கொண்டு போனார்கள். கொல்லப் போகும் நேரத்தில் பையன் கண்ணில் ரத்தக் கண்ணீர் வந்ததாம். பயந்துபோய்க் கொல்லாமல் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். (அங்கே ஆடு ஏது, லாமாதான்.) அந்தப் பையன் பின்னால் அரசனானபோது யாவார் வாகாக், அதாவது 'ரத்தம் அழுபவன்' என்றே பெயர். இதை 1572ல் சர்மியெந்தோ தெ கம்போவா என்ற ஸ்பானியர் எழுதி வைத்திருக்கிறார். நடந்ததா இல்லையா என்பது வேறு. ஆனால் இன்காக்களே தங்கள் வாயால் 'எங்களுக்கு முன்னால் இங்கே பலசாலிகள் இருந்தார்கள்' என்று ஒத்துக்கொண்ட கதை இது.

அப்புறம் பச்சாகுதி என்ற இன்கா அரசர் காலத்தில் அயார்மாகாக்கள் நசுக்கப்பட்டார்கள். அவர் மகன் துபாக் இன்கா யுபான்கி 1480 வாக்கில் சின்ச்சேரோவில் தனக்கென்று ஒரு மாளிகை எஸ்டேட் கட்டினார். நீங்கள் பார்த்த படிக்கட்டு வயல்கள், சதுக்கத்தின் ஓரத்தில் மேலே குறுகிக் கீழே அகன்ற மாடங்கள் வரிசையாக இருக்கும் சுவர், கல்லிலேயே படியும் இருக்கையும் குடைந்த பாறைகள், எல்லாம் அந்தக் காலத்தவை. அவர் இறந்ததும் அந்த ஊரிலேயே என்று பழைய ஸ்பானிய ஏடுகள் சொல்கின்றன.

இப்போது ஊரில் உள்ள சமூகங்களில் ஒன்றின் பெயர் யானாகோனா. யானாகோனா என்றால் அரச குடும்பத்துக்கு ஊழியம் செய்தவர்கள், பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஆக, அந்தச் சமூகத்தின் பெயரிலேயே 'நாங்கள் இங்கே கொண்டுவரப்பட்டோம்' என்ற நினைவு இருக்கிறது. உங்களுக்கு எந்த வேர் வேண்டும்? அயார்மாகாவா, இன்காவா, இன்காவின் வேலைக்காரர்களா?

தென்கடல்

ஐயா, யாரும் கவனிக்கவில்லையா? அயார்மாகா, அயார். ஆயர்! லாமா மேய்த்தவர்கள் வேறு! இன்காக்களின் முதல் நாலு சகோதரர்களின் பெயரும் அயார் காச்சி, அயார் ஊச்சு, அயார் ஔக்கா, அயார் மாங்கோ. குமரிக்கண்டத்திலிருந்து போன நம் ஆயர்கள்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மொழியும் நம் மொழி மாதிரியே ஒட்டி ஒட்டி வருகிறது என்று படித்தேன்.

கெச்சுவா_மாணவி

வந்துட்டாருய்யா. :)

தென்கடல் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அயாரா' என்றால் கெச்சுவாவில் (இன்காக்களின் மொழி, அங்கே இன்றும் பேசுகிறார்கள்) காட்டுக் கினோவா. 'காச்சி' என்றால் உப்பு. 'ஊச்சு' என்றால் மிளகாய். தானியம், உப்பு, மிளகாய் என்று அந்தப் பெயர்கள் அந்த மண்ணின் சமையலறையிலிருந்து வந்தவை. சின்ச்சேரோவுக்குப் பக்கத்திலேயே மராஸ் உப்புப் பாத்திகள் இருக்கின்றன. உப்புக்கு ஒரு சகோதரன் இருப்பதில் என்ன ஆச்சரியம்? மிளகாய் விஷயத்தில் உறவு நேர் எதிர்ப்பக்கம்: அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் நம் குழம்புக்கு வந்தது. உருளைக்கிழங்கும் அங்கே பிறந்ததுதான்.

மொழி ஒட்டுநிலை மொழி என்பது உண்மை. நான் இரண்டு வருடமாக இணையத்தில் குஸ்கோ கெச்சுவா படிக்கிறேன், தமிழ் தெரிந்ததால் பாதி வேலை மிச்சம். 'வாசி' வீடு. 'வாசிய்' என் வீடு. 'வாசிய்குனமந்தா' என்றால் என் வீடுகளிலிருந்து. வினை கடைசியில் வரும். ஆனால் துருக்கி, ஜப்பானியம், பின்னிஷ் எல்லாம் ஒட்டுநிலைதான். அதற்காக ஜப்பான்காரரும் ஆயரா?

எனக்கு மெய்யாகவே மயிர்க்கூச்செறிந்த இரண்டு இடம் சொல்கிறேன். உறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா ஓர் அழகுக்காக.

ஒன்று: நாம், நாங்கள். ஸ்பானிய மொழியில் இந்த வித்தியாசம் கிடையாது. கெச்சுவாவில் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஞோகன்சிஸ்'. கேட்பவரை விட்டுவிட்டு எங்களை மட்டும் சொன்னால் 'ஞோகாய்கு'. எங்கள் வகுப்பில் இருந்த ஜெர்மன்காரருக்கு இதைப் புரிய வைக்க ஆசிரியை மூன்று வாரம் பாடுபட்டார். எனக்கு மூன்று நொடி. (மலாய் மொழியிலும் இது உண்டு, தென்கடல் அண்ணா. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

இரண்டு: நம் '-ஆம்'. "மழை பெய்கிறதாம்" என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். அதே வேலையை அங்கே '-சி' செய்கிறது. 'பரமுஷன்மி' என்றால் மழை பெய்கிறது, நானே பார்த்தேன். 'பரமுஷன்சி' என்றால் பெய்கிறதாம். 'பரமுஷன்சா' என்றால் பெய்கிறது போல. பழையஏடு ஐயா சொன்ன ரத்தக் கண்ணீர்க் கதையைக் கெச்சுவாவில் சொன்னால் வாக்கியத்துக்கு வாக்கியம் '-சி' விழும். அழுதானாம், பயந்தார்களாம், அனுப்பினார்களாம். பாட்டி கதை சொல்கிற மாதிரியே இருக்கும்.

தென்கடல்

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்பது என் கருத்து.

இழைக்காவலர்

தென்கடல், குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். இங்கே சின்ச்சேரோ மட்டும்.

தறிவீடு

நான் வரலாறு படித்தவன் இல்லை. மூன்று தலைமுறையாகத் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்த குடும்பம். மலைநாடோடி போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மச்சினன் அவசரப்பட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நீங்களே பார்க்க வழி சொல்கிறேன்.

முதலில் அவர்கள் தறி எப்படி என்று பாருங்கள். சட்டம் கிடையாது, குழி கிடையாது. பாவின் (நீளவாட்டு நூல்களின்) ஒரு முனை மரத்திலோ முளையிலோ கட்டியிருக்கும், மறு முனை நெய்கிறவர் இடுப்புப் பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். அவர் உடம்புதான் தறியின் ஒரு பாதி. நம்மூரில் பாவு ஓட்டத் தெருநீளம் வேண்டும். அங்கே தரையில் முளை அடித்து, இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து நூல்பந்தை மாற்றி மாற்றி எறிந்து பாவு போடுவார்கள். ஒரு காணொளியில் பார்த்தேன், பந்து விளையாட்டு மாதிரி. ஒரு எறி தப்பினாலும் உருவில் ஓர் இழை பிசகிவிடும்.

காஞ்சிப் பட்டில் புட்டாவை ஊடையில் (குறுக்கு நூலில்) போடுவோம். அங்கே உரு முழுக்கப் பாவில். ஊடை வெளியே தெரியவே தெரியாது. இரண்டு நிறப் பாவு இழைகளில் எது மேலே வரவேண்டும் என்று விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். எந்த அட்டையும் இல்லை, வரைபடமும் இல்லை, கணக்கு முழுக்கத் தலைக்குள். அதனால் துணியின் அடிப்பக்கத்தில் அதே உரு நிறம் மாறித் தெரியும். மச்சினனைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் நூல் தொங்கிக்கொண்டு இருந்தால் சந்தேகப்படலாம்.

அப்புறம் அந்த எலும்பு. கூடத்தில் ஜோக்குக்கு வைத்ததாக நினைக்காதீர்கள். லாமாக் கால் எலும்பைக் கூராக்கியது, 'ரூக்கி' என்று பெயர். ஊடை போட்டதும் பாவு இழைகளுக்கு நடுவே விட்டு வெடுக்கென்று இழுத்து ஊடையை அடித்து நெருக்க அதுதான். நமக்குப் பண்ணைச் சட்டம் செய்கிற வேலை.

கடைசியாக, முக்கியமானது. பழைய முறையில் துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுக்க மாட்டார்கள். நாலு பக்கமும் இயல்பான ஓரம், வெட்டு கிடையாது. அதனால் முடிவை நெருங்க நெருங்கப் பாவைத் திறக்க இடம் இருக்காது. எலும்பு நுழையாது, பாவு இழைகளைத் தூக்கும் விழுதுக்கோல் நுழையாது. கடைசி இரண்டு மூன்று விரற்கடையை ஊசியால் கோத்துத்தான் மூடுவார்கள். அந்த இடத்தில் உரு கொஞ்சம் தடுமாறும், பல்லிடுக்கு மாதிரி. அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கைநெசவு என்று சொல்லலாம்.

லிக்லா என்றால் இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைத்திருப்பார்கள். இரண்டு பாதியிலும் பாருங்கள். நூலையும் சோதியுங்கள். ஓரத்திலிருந்து ஓர் இழை, நடுவிலிருந்து ஓர் இழை எடுத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்தால் ஆட்டுமயிர் அல்லது அல்பாகா. உருகி மணி மாதிரி உருண்டால் அக்ரிலிக்.

மலைநாடோடி

தறிவீடு அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் கொளுத்த வேண்டும்.

பழையஏடு ஐயா, அந்தப் பெண்கள் போட்டிருந்த உடை? அதாவது பழைய இன்கா உடைதானே? வழிகாட்டி அப்படித்தான் சொன்னார்.

பழையஏடு

அதுதான் இல்லை. அந்த அகலப் பாவாடை, சட்டை, தொப்பி எல்லாம் ஸ்பானிய நாட்டுப்புற உடையின் வம்சம். தோளில் போடும் லிக்லாவும் அதைக் குத்தும் ஊசியும் மட்டும்தான் முந்தைய காலத்தைச் சேர்ந்தவை.

இதில் ஒரு சோகம் இருக்கிறது. 1780ல் துபாக் அமாரு என்ற பெயரில் ஒருவர் ஸ்பானியருக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி செய்தார். அதை அடக்கியபின் 1781 மே 18ல் அவரைக் குஸ்கோ சதுக்கத்தில் மனைவியோடும் மூத்த மகனோடும் கொன்றார்கள். கூடவே அரசாணை: இன்கா உடை அணியக்கூடாது, இன்கா அரசர்களின் ஓவியம் வைத்திருக்கக்கூடாது, கெச்சுவாவை ஒழித்து ஸ்பானியம் பேச வைக்கவேண்டும். அதாவது இன்று பாரம்பரிய உடை என்று பார்க்கிறோமே, அது வளர்ந்ததில் அந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

அந்தக் கிளர்ச்சியை அடக்க ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்டவர் யார் தெரியுமா? சின்ச்சேரோவின் குறுநிலத் தலைவர் மாத்தியோ புமாகாவா. 1740ல் பிறந்த மண்ணின் மைந்தர். ஊர்த் தேவாலயத்தின் முகப்பில் ஒரு சுவர் ஓவியம் உண்டு. பூமா (அங்கே உள்ள மலைச்சிங்கம்) ஒரு பாம்பை வீழ்த்துகிறது. பூமா என்றால் புமாகாவா. அமாரு என்றால் பாம்பு. தம் வெற்றியைத் தாமே வரைந்து வைத்துக்கொண்டார்.

அடுத்த திருப்பம்: அதே புமாகாவா, எழுபத்து நாலு வயதில், 1814ல் ஸ்பானியருக்கு எதிராகவே கிளம்பினார். குஸ்கோவின் அங்குலோ சகோதரர்களுடன் சேர்ந்து அரேகிபா வரை பிடித்தார். 1815 மார்ச் 11ல் உமாச்சிரியில் தோற்று, ஆறு நாள் கழித்து சிகுவானியில் கொல்லப்பட்டார். பாம்பை மிதித்த பூமா கடைசியில் பாம்பின் வழியிலேயே போனது.

மலைநாடோடி, அந்த ஓவியத்தைப் பார்த்தீர்களா?

மலைநாடோடி

பார்த்தேன் ஐயா. மங்கிப்போயிருந்தது. யாரோ சிங்கமும் டிராகனும் என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது வயிறு எரிகிறது.

சும்மா_வந்தேன்

சரி, கணக்கைக் கூட்டுவோம். உடை ஸ்பானியம். கோயில் ஸ்பானியம், இன்கா சுவர் மேல். இன்காவே வந்தேறி. யானாகோனா கொண்டுவரப்பட்டவர். ஊர்த் தலைவர் வெள்ளைக்காரனோடு நின்றவர். எலும்பு ஜோக் எல்லாக் கூடத்திலும் ஒன்று. அப்போ பூர்வகுடி என்று சொல்ல என்னதான் மிச்சம்? மலைநாடோடி ஏமாந்தார் என்று நேராகச் சொல்லிவிடலாமே.

கெச்சுவா_மாணவி

அப்படிக் கழித்துக்கொண்டே போனால் உலகத்தில் யாருக்குமே வேர் மிஞ்சாது. மிளகாயைக் கழித்துவிட்டு நம் குழம்பைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த மக்களை யார் என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்தாலே ஒன்று புரியும். ஸ்பானியருக்கு 'இந்தியோ'. 1930ல் ஜூன் 24ஐ 'இந்தியோ தினம்' என்று அரசு அறிவித்தது. 1969ல் அதே ஜூன் 24ல், அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் வெலாஸ்கோ நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தியோ என்பது வசைச்சொல்லாகிவிட்டதால் 'விவசாயி தினம்' என்று மாற்றினார். பண்ணையார்களின் நிலம் உழுதவர்களுக்குப் போனது. 1975ல் கெச்சுவாவை ஆட்சிமொழி ஆக்கினார். ஆனால் ஒரு விலை: நிலம் கிடைத்தது, பூர்வகுடி என்ற பேச்சு தாள்களிலிருந்து போய் 'விவசாயச் சமூகம்' என்று ஆனது.

இப்போது 2017 கணக்கெடுப்பைப் பாருங்கள். கெச்சுவா தாய்மொழி என்றவர்கள் 37 லட்சத்துக்கு மேல். ஆனால் 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் 'நான் கெச்சுவாக்காரன்' என்று தங்களை அடையாளம் சொன்னவர்கள் சுமார் 52 லட்சம். அதாவது மொழி கைவிட்டுப் போன பிள்ளைகளும் 'நானும்' என்கிறார்கள். அதைத்தான் நான் எடுத்துப் பார்ப்பேன். பாவாடை எங்கிருந்து வந்தது என்பதை விட, யாரை 'ஞோகன்சிஸ்' என்கிறார்கள் என்பது.

இன்னொன்று. அந்த எலும்பு ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன தப்பு? தினம் பத்து வேன் வருகிறது. நீங்கள் ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகிறீர்கள். அவர் அன்றைக்குப் பத்தாவது தடவை சொல்கிறார். ஜோக் உங்களுக்கு, 'ஞோகாய்கு' அவர்களுக்கு. நீங்கள் இறங்கிப் போனபின் அவர்கள் தங்களுக்குள் கெச்சுவாவில் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. :)

தறிவீடு

மாணவி சொன்னது சரி. நான் கண்காட்சிக்குப் போனால் ஒரே பேச்சை நாலு நாள் பேசுவேன். அதனால் என் தறி பொய்யாகிவிடாது.

அந்த ஊரில் நெசவு ஒரு கட்டத்தில் மங்கத்தான் செய்தது. கடையில் வாங்கும் நூலும் ரசாயனச் சாயமும் வந்தபின் இலைச் சாயம், வேர்ச் சாயம் எல்லாம் கிழவிகளோடு போகப் பார்த்தது. அதை மீட்டதில் பெரிய பங்கு சின்ச்சேரோவிலேயே பிறந்த நில்டா கயாஞாவ்பா என்ற அம்மாவுக்கு. சின்ன வயதில் ஆடு மேய்த்துக்கொண்டே நூல் நூற்றுப் பழகியவர். 1996ல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையம் தொடங்கினார். இப்போது பல மலைக்கிராமங்கள் அதில் இருக்கின்றன. சாயம் மறந்தவர்கள் மூத்தவர்களைத் தேடிப் போய்க் கற்றார்கள். ஆக, மலைநாடோடி பார்த்ததில் ஒரு பகுதி செத்துப் பிழைத்தது. செத்துப் பிழைத்ததை நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சமையலறை_ராணி

நெசவு, போர் எல்லாம் சரி. சாப்பாடு பற்றி யாரும் பேசவே இல்லையே? ஏதோ உறைய வைத்த உருளைக்கிழங்கு என்று கேள்விப்பட்டேன். வத்தல் மாதிரியா?

மலைநாடோடி

கிட்டத்தட்ட வத்தல்தான் அக்கா, வெயிலுக்குப் பதில் பனி! ஜூன், ஜூலையில் ராத்திரி கடும் பனி விழும். கிழங்கைப் புல்மேல் பரப்பி வைத்தால் உறைந்துவிடும். பகலில் வெயில் பட்டு இளகும். இப்படிச் சில நாள் ஆனபின் வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் பிரித்து எடுக்கிறார்கள். அப்படியே காயவைத்தால் கறுப்புச் சுன்யோ. ஓடையில் சில வாரம் ஊறப்போட்டுக் காயவைத்தால் வெள்ளை மொராயா. வருடக்கணக்கில் கெடாதாம். பார்த்தால் கூழாங்கல் மாதிரி, கையில் எடுத்தால் எடையே இருக்காது.

சூப்பில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளது உள்ளபடி சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. ஈரச் சாக்கு வாசனை. அறுவடை நேரத்தில் வயலிலேயே மண்கட்டிகளைக் குவித்து அடுப்பாக்கி, சூடேறியதும் கிழங்கை உள்ளே போட்டு மண்ணை இடித்து மூடிச் சுடுகிறார்கள், 'வாத்தியா' என்று பெயர். அது அமிர்தம்.

ஊர்க்குருவி

எல்லாரும் பழங்கதை பேசுகிறீர்கள். அந்த ஊரில் இப்போது பெரிய சண்டை விமான நிலையம். அதைச் சொல்லாமல் சின்ச்சேரோ பற்றிப் பேசி என்ன பயன்?

குஸ்கோவின் பழைய விமான நிலையம் நகரத்துக்கு நடுவே, சுற்றிலும் மலை. அதனால் சின்ச்சேரோ மேட்டில் சர்வதேச விமான நிலையம் என்று முடிவு. 2012 வாக்கிலேயே சமூகங்களிடமிருந்து நிலம் வாங்கினார்கள், பெரும்பகுதி யானாகோனாவினுடையது. ஒப்பந்தம் ஒன்று 2017ல் ரத்தானது. 2019ல் மண்வேலை தொடங்கியது. உடனே தொல்லியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் அன்றைய அதிபர் மார்த்தின் விஸ்காராவுக்கு மனு போட்டார்கள். இன்கா படிக்கட்டு வயல்கள், பாதைகள் எல்லாம் போய்விடும் என்று. பக்கத்தில் பியுராய் ஏரி இருக்கிறது. குஸ்கோ நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு அதிலிருந்துதான்.

சும்மா_வந்தேன்

மனு போட்டவர்கள் எல்லாம் லிமாவிலும் வெளிநாட்டிலும் குந்தியிருப்பவர்கள்தானே? நிலத்தை விற்ற ஊர்க்காரர் பணம் வாங்கிச் செங்கல்லில் வீடு கட்டிக்கொண்டார். மண்சுவர் வீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நமக்காக அழகாக இருக்கவேண்டும் என்று யார் சொல்வது?

ஊர்க்குருவி

நீங்கள் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஊரிலேயே ஆதரவு நிறைய. மகன் ஓட்டுநராவான், மகள் ஹோட்டல் வைப்பாள் என்ற நம்பிக்கையைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மறு பாதி: நிலம் கைமாறியபின் திரும்பி வராது. கூட்டாக உழைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்யும் 'அய்னி' முறை ஒன்று உண்டு, நம்மூர் மொய் மாதிரி உழைப்பு மொய். இன்று நான் உன் வயலில் மண்வெட்டி பிடித்தால் நாளை நீ என் வயலில். வயலே இல்லாதவனுக்கு அய்னிக்கு யார் வருவார்கள்? செங்கல் வீட்டை நான் எதிர்க்கவில்லை. விற்றுக் கிடைத்த பணம் எத்தனை வருடம் வரும் என்றுதான் கேட்கிறேன்.

பழையஏடு

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஒரு சேதி மட்டும். துபாக் இன்கா எஸ்டேட் கட்டவந்தபோதும் அங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஸ்பானியர் மக்களைக் கூட்டி ஒரே இடத்தில் குடியேற்றித் தேவாலயம் கட்டியபோதும் அப்படித்தான். மேட்டின் மேல் கண் வைத்தவர்களில் விமான நிலையம் முதல் ஆள் இல்லை.

கெச்சுவா_மாணவி

இன்காவும் ஸ்பானியரும் விலை கொடுக்கவில்லை ஐயா. இந்தத் தடவை கொடுத்தார்கள். அது கொஞ்சம் வித்தியாசம்தானே.

பழையஏடு

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. போதுமான விலையா என்பது வேறு சண்டை.

மலைநாடோடி

ஞாயிறு சோதனை முடிந்தது, தகவல் சொல்கிறேன்.

மச்சினனையும் கூட உட்கார வைத்தேன். முதலில் பின்பக்கம். தறிவீடு அண்ணே சொன்ன மாதிரி அதே உரு நிறம் மாறித் தெரிகிறது, ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. மச்சினன் "சரி, பார்ப்போம்" என்றான்.

அடுத்து நெருப்பு. நடுவிலிருந்து ஓர் இழை: முடி கருகும் வாடை, சமையலறை வரை போய்விட்டது. ஓரத்தில் சுற்றிவரத் தைத்திருக்கும் குழாய் மாதிரிக் கரையிலிருந்து ஓர் இழை, பளபள இளஞ்சிவப்பு: உருகி மணியாக உருண்டது. மச்சினன் துள்ளிக் குதித்தான்.

அப்புறம் குறுக்கு ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே போனேன். இடது பாதியில், ஒரு முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, அந்த 'எஸ்' மாதிரி வளையும் கோலம் திடீரென்று திணறுகிறது. ஒரு வளைவு சப்பையாகிவிட்டது, இரண்டு இழை வழி தவறிப் பக்கத்துக் கோட்டில் போய் நிற்கின்றன. அதற்கப்புறம் ஒரு விரல் அகலத்துக்கு உருவே இல்லாத வெறும் கோடுகள், பிறகு ஓரம். வலது பாதியில் அதே மாதிரி, ஆனால் எதிர்முனையில். மச்சினனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "இந்த இடத்துல ஊசியில கோத்திருக்காங்க" என்று அவனே சொன்னான்.

கரைக்கு மட்டும் ஏன் அக்ரிலிக் என்று தறிவீடு அண்ணே சொல்ல வேண்டும். மனைவி வாடை பிடித்துக்கொண்டு வந்து என்ன கருகுது என்று கேட்டார். லாமா என்றேன்.

தறிவீடு

அவ்வளவு பளபளக்கிற இளஞ்சிவப்பு பூச்சிச் சாயத்தில் வராது தம்பி. அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, போட்டிருக்காங்க. துணியை வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். பூச்சி உருண்டை போட்டு வையுங்கள்.